நான் வரவழைத்த மஞ்சள் காமாலை

மஞ்சள் காமாலை எப்படிப் பரவும் என்று கேட்டால் டாக்டர்கள் தண்ணீர் என்பார்கள், சாப்பாடு என்பார்கள், ஊசி என்பார்கள். கேமரா வழியாகவும் பரவும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பரப்பியவன் நான்தான். மண்ணூரில் ஒரு மாடி முழுக்க இருந்த நல்ல ஆரோக்கியமான இளைஞர்களுக்கு, ஒருவரையும் தொடாமல், தள்ளி நின்றே காமாலையை வரவழைத்தேன். அதில் ஒருவனுக்குக் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

(இந்த இடத்தில் உங்கள் வாயில் ஒரு பழமொழி வந்து நிற்கும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். இத்தனை வருடத்தில் அதை என்னிடம் சொல்லாத ஆள் பாக்கியில்லை. கதையைக் கேட்ட பஸ் கண்டக்டர் ஒருவர் சில்லறையோடு சேர்த்து அதையும் கொடுத்துவிட்டுப் போனார்.)

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் நடந்தது. ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. பெயின்ட் அடிக்கிற வேலை இல்லை, அடித்த பெயின்ட் சரியான நிறத்தில் வந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நிறம் அளக்க ஒரு மீட்டர் வைத்திருந்தோம். தினமும் ஷிஃப்ட் ஆரம்பித்ததும் அந்த மீட்டரை ஒரு வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் வைத்து, ‘இதுதான் வெள்ளை, ஞாபகம் வைத்துக்கொள்’ என்று அதற்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் மற்றதை அளக்க வேண்டும். நானோ அந்த மீட்டருக்கு முன்பே சொல்லிவிடுவேன். வெள்ளை பம்பரில் துளி மஞ்சள் தட்டினாலும் என் கண்ணுக்குத் தப்பாது. “இவன் கண்ணுதான்பா நம்ம மீட்டர்” என்று சூப்பர்வைசர் புது ட்ரெய்னிகளிடம் என்னைக் காட்டிச் சொல்லுவார். ஒருவனை இப்படிப் புகழ்ந்து வைத்தால் அவன் என்ன கதிக்கு ஆளாவான் என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

குடியிருந்தது மண்ணூரில், கஸ்தூரி அக்கா வீட்டு மாடியில். கீழே அக்காவின் வீடும் தகரக் கூரை போட்ட மெஸ்ஸும். மேலே வரிசையாக அறைகள், அறைகள் முழுக்க எங்களைப் போன்ற தெற்கத்திக்காரர்கள். அக்கா அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு மாடி கட்டியிருந்தார்கள். நிலம் போனாலும், நாலு வயல் தாண்டி நிற்பவரைக் கூப்பிடுகிற குரல் மட்டும் அக்காவிடம் அப்படியே இருந்தது.

என் அறையில் கூட இருந்தவன் செல்வம். இருவரும் சங்கரன்கோவில் பக்கம், ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்ச். பக்கத்தில் வேறொரு கம்பெனியில் வெல்டராக இருந்தான். தங்கமான பையன். நான் எதைச் சொன்னாலும் கேட்பான். அவனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அது.

அந்த வருடம் போனஸ் வந்ததும் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கினேன். அதோடு விட்டிருக்கலாம். கேமரா ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம், என்னைவிட வயதில் மூத்த லென்ஸ் ஒன்று கிடந்தது. முழுக்க இரும்பும் கண்ணாடியும், கையில் எடுத்தால் படிக்கல் கனம். அதற்கொரு வளையம் போட்டால் என் கேமராவில் மாட்டலாம் என்றார். மாட்டினேன். பிறகு ஸ்ரீபெரும்புதூரில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பழைய லென்ஸ்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அங்கேதான் ‘கோட்டிங்’ என்ற சொல் என் வாழ்க்கையில் நுழைந்தது.

விஷயம் இதுதான். லென்ஸ் கண்ணாடியின் மேல் மிக மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால், உள்ளே போக வேண்டிய வெளிச்சத்தில் கொஞ்சம் கண்ணாடியில் பட்டே திரும்பிவிடும், படம் வெளிறிப்போகும். இந்தக் காலத்து லென்ஸுக்குப் பல அடுக்குப் பூச்சு, எல்லா நிறத்தையும் பாரபட்சம் பார்க்காமல் உள்ளே விடும். அந்தக் காலத்து லென்ஸில் பூச்சு ஒரே அடுக்கு. அது சில நிறங்களை உள்ளே விடும், சில நிறங்களில் கொஞ்சத்தை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். என் லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதா கலந்த நீலம் மினுக்கும். நீலம் அப்படி வெளியே போய்விடுவதால், படத்தில் மிஞ்சுகிற நிறத்தில் லேசாகத் தேன் கலந்த மாதிரி இருக்கும். லேசாகத்தான். அதை நான் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெரிதாக்கினேன்.

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் லென்ஸைச் சாய்த்துக் காட்டுவேன். மெஸ்ஸில் சாம்பாருக்கு நிற்கும்போதும் காட்டுவேன். ஒருநாள் கஸ்தூரி அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“ரோட்ல பெட்ரோல் சிந்திச்சினா கலர் கலரா மினுக்குமே, அத்தானே இது?”

“இல்லக்கா, இது வேற. இது சயின்ஸ்.”

(அதுவும் இதுவும் ஒரே சயின்ஸ்தான் என்று பிறகு படித்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.)

இன்னொரு கூத்தும் செய்து வைத்திருந்தேன். இந்தக் கேமராக்களில் ஒரு வசதி உண்டு. எதிரே இருப்பதில் எது வெள்ளை என்று தானே ஊகித்து, மற்ற நிறங்களை நேர் செய்துவிடும். உலகத்தில் எல்லோரும் அதை நம்பித்தான் படம் எடுக்கிறார்கள். நான் அதை முதல் நாளே அணைத்துவிட்டேன். கோட்டிங் கொடுக்கிற நிறத்தைக் கேமரா போய்த் திருத்தினால் லென்ஸுக்கு என்ன மரியாதை? ‘நிழல்’ என்று ஒரு செட்டிங் இருந்தது. எல்லாவற்றையும் இன்னும் ஒரு பிடி மஞ்சளாக்கிக் காட்டும். அதிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டு, பெரிய கலைஞன் மாதிரி திரிந்தேன்.

இந்த நேரத்தில்தான் செல்வத்துக்குச் சம்பந்தம் கூடி வந்தது. பெண் தென்காசிப் பக்கம், பெயர் இசக்கி, டீச்சர் ட்ரெய்னிங் முடித்தவள். உறவில் ஒரு கல்யாணப் பந்தியில் அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். இவன் அவளைப் பார்த்துக்கொண்டே ஊற்ற ஊற்றக் குடித்திருக்கிறான். ஊரிலிருந்து வந்ததும் என்னிடம் சொன்னான்: “துரை, கட்டுனா அந்தப் பிள்ளையத்தான் கட்டணும். இல்லன்னா இப்படியே வெல்டிங் அடிச்சிட்டு இருந்துருதேன்.” அவன் அம்மா போய்ப் பேசினார். ஜாதகம் பொருந்திவிட்டது. மீதியெல்லாம் பெண்ணின் தாய்மாமன் கையில் என்றார்கள். மாமா ஹெல்த் இன்ஸ்பெக்டர். அந்தக் குடும்பத்தில் அவர் முகர்ந்து பார்க்காமல் ஊறுகாய் பாட்டில் கூடத் திறக்க மாட்டார்களாம். பையன் போட்டோ ஒன்று அனுப்பச் சொல்லுங்கள் என்றிருந்தார் அவர்.

“ஞாயித்துக்கிழம ஸ்டுடியோவுல போய் எடுத்துட்டு வாரேன்” என்றான் செல்வம்.

“ஏல, கூறுகெட்டவனே. ஸ்டுடியோக்காரன் ஒன்னய ரோஸ் பவுடர்ல முக்கி எடுத்து அனுப்பிருவான். கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு வீட்டுக்காரவ வந்து, ‘போட்டோல இருந்த மாப்பிள்ளை எங்க’ன்னு கேப்பாவ.”

“அப்ப நீ எடுக்கியா?”

“நான் எங்க எடுக்கேன்? லென்ஸ் எடுக்கும்.”

(இப்படியெல்லாம் பேசுவேன். அன்றைக்கு யாராவது புண்ணியவான் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் மேற்கொண்டு எதுவும் நடந்திருக்காது.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். அந்த வாரம் முழுக்க செல்வத்துக்கு ஓவர்டைம். கண் உள்ளே போய், கன்னம் ஒட்டியிருந்தது. பின்னால் அக்கா புதிதாகச் சந்தனக் கலர் அடித்த சுவர். எதிரே மறைகிற வெயில். இத்தனைக்கும் மேலே என் லென்ஸ், அதற்கும் மேலே நிழல் செட்டிங். “கண்ண நல்லா விரிச்சிப் பாருல, ஆளோட கேரக்டர் கண்ணுலதான் தெரியும்” என்றேன். அவன் நான் சொன்னபடியே விரித்தான்.

கலர் லேபில் பிரிண்ட் போடுகிற ஆள் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“சார், மஞ்சா ஓவரா அடிக்குது. கொஞ்சம் கொறச்சிக் குட்த்துரவா?”

“தொடாதீங்க! அது மஞ்சள் இல்ல. கோட்டிங்.”

“கோட்டிங்கா?”

“பழைய லென்ஸ். உங்களுக்குச் சொன்னாப் புரியாது.”

அவர் ஒரு திருத்தமும் இல்லாமல் நான் கேட்டபடியே பிரிண்ட் போட்டுக் கவரில் வைத்துக் கொடுத்தார். அன்றே கூரியரில் அனுப்பினோம்.

அந்த வாரக் கடைசியில் செல்வத்தின் அம்மா போன் செய்தார். எங்கள் அறையில் எல்லாப் போனும் ஸ்பீக்கரில்தான், அதனால் மாடியே கேட்டது.

“ஏய்யா செல்வம், ஒன்னுக்கு என்ன நெறத்துல போவுது?”

“எம்மா! என்ன கேக்க?”

“வெக்கப்படாதய்யா, அம்மகிட்டதான சொல்லுத. கண்ணெல்லாம் மஞ்சளா இருக்காமே. பொண்ணோட மாமா போட்டோவ ஜன்னல்கிட்ட கொண்டு போயி வச்சிப் பாத்தாவளாம். பையனுக்கு ஈரலு கெட்டுப்போச்சு, இந்தச் சம்பந்தத்த இப்போதைக்கு நிப்பாட்டி வைங்கன்னுட்டாவளாம்.” அதற்கு மேல் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

செல்வம் போனை வைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தான். கீழ் இமையை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, “துரை, நீ கலர் பாக்குத ஆளு. நல்லா பாத்துச் சொல்லு. மஞ்சளாவா இருக்கு?” என்று கேட்டான்.

பார்த்தேன். தூக்கமில்லாமல் சிவந்திருந்தது, மற்றபடி வெள்ளைதான். அதைச் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் சொன்னவர் ஹெல்த் இன்ஸ்பெக்டர். அந்தத் துறையிலேயே ஊறியவர். அறையில் எரிந்தது குண்டு பல்பு, அந்த வெளிச்சத்தில் பார்க்கப் பார்க்க எனக்கே சந்தேகம் வந்தது. கண்ணை நம்பக்கூடாது, அளந்து பார்க்க வேண்டும் என்பது க்வாலிட்டி டிபார்ட்மென்ட்டின் பாலபாடம். எதை வைத்து அளப்பது? கேமராவை எடுத்தேன். அதே லென்ஸ், அதே செட்டிங், குண்டு பல்பு வெளிச்சம். செல்வத்தின் கண்ணைக் கிட்டத்தில் போய் ஒரு படம்.

ஸ்க்ரீனில் பார்த்தால் மாம்பழ நிறம். செல்வம் சத்தமே போடாமல் பாயில் சாய்ந்தான்.

அத்தோடு நிறுத்தினேனா? ஒரு பீஸில் குறை இருந்தால் அந்த லாட்டில் வந்த அத்தனையையும் பார்க்க வேண்டும் என்பது அடுத்த பாடம். பக்கத்து அறைகளைத் தட்டினேன். வரிசையாக நிற்க வைத்து, இமையை இழுக்கச் சொல்லி, எல்லோர் கண்ணையும் எடுத்தேன். ஒருவர் பாக்கியில்லாமல் மாம்பழம். மாடியில் அழுகையும் கூச்சலுமாகிவிட்டது. “எல்லாரையும் எடுத்தியே, ஒன் கண்ண எடுத்தியா?” என்றான் ஒருவன். கேமராவை அவனிடமே கொடுத்து எடுக்கச் சொன்னேன். என்னுடையது மற்றவர்களைவிட ஒரு சுற்று அதிகம். பார்த்த மறு நிமிடம் வலது விலாவுக்குக் கீழே எனக்கு வலிக்க ஆரம்பித்தது. எண்ணெய் வாடை பிடிக்கவில்லை. நிஜமாகவே வாந்தி எடுத்தேன்.

கம்பெனியில் எந்தத் தப்பு நடந்தாலும் ‘ஏன், ஏன்’ என்று ஐந்து தடவை கேட்டு மூல காரணத்தைப் பிடிக்க வேண்டும். எல்லோரும் கம்பெனி ஆட்கள் ஆயிற்றே, வட்டமாக உட்கார்ந்து கேட்டோம். ஏன் காமாலை? கிருமி. கிருமி ஏன் வந்தது? தண்ணீர். தண்ணீர் ஏன் கெட்டது? மெஸ். மூன்றாவது ஏனிலேயே எங்களைத் தவிர வேறொருவர் மாட்டிவிட்டதால் அதோடு நிறுத்திக்கொண்டோம். கம்பெனியிலும் வழக்கம் அப்படித்தான்.

மறுநாள் காலை ஒருவரும் சாப்பிடக் கீழே போகவில்லை. சேதி அக்கா காதுக்குப் போனதும், அவர் படிக்கட்டில் நின்று போட்ட சத்தம் செம்பரம்பாக்கம் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும்.

“இன்னாது, என் மெஸ்ல காமாலயா? எவன்டா சொன்னான்? என் புள்ள இதே சோத்தத்தான் துன்னுது, குத்துக்கல்லாட்டம் கீது! பேஜார் புடிச்சவனுங்களா, நாலு கம்பெனி ஆளுங்க துன்ற எடம்டா இது!”

அந்த நாலு கம்பெனி ஆட்களும் மதியத்துக்குள் வேறு மெஸ் பார்த்துவிட்டார்கள். அக்கா தண்ணீர்த் தொட்டியை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார். மறுநாளும் தேய்த்தார். தேய்க்கும்போதெல்லாம் மாடியைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

மேலே நாங்கள் கீழாநெல்லியில் இறங்கினோம். ஏரிக்கரை வரை போய்ப் பறித்து வந்து, மோரில் அரைத்துக் குடித்தோம். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. மற்றவர்கள் இரண்டு நாளில் ரகசியமாகப் பரோட்டாவுக்குப் போய்விட்டார்கள். செல்வம் மட்டும் நான் சொன்னபடியே மூன்று வேளையும் குடித்தான். ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிடலாம் என்றேன் (அந்த வாரத்தில் நான் பேசிய ஒரே நல்ல வார்த்தை). “வேண்டாம்ல. டெஸ்ட் எடுத்தா பேப்பர்ல வந்துரும், பேப்பர் எப்படியும் மாமா கைக்குப் போயிரும். சத்தமில்லாம சரி பண்ணிருவோம்” என்றான். ஒரு வாரத்தில் கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு, அதுவரை இல்லாத நோயாளிக் களை அவன் முகத்தில் வந்துவிட்டது.

ஒருநாள் மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னான்: “பந்தியில அவ ஊத்துன தண்ணியெல்லாம் குடிச்சேன்லா. அப்பவே நெனச்சிருப்பாளோ, இவனுக்கு ஏதோ வியாதின்னு?” அவன் கண் கலங்கியது. அவனுக்காக எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று துடித்தேன். நான் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும் என்று தோன்றுகிற புத்தி அப்போது எனக்கில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே அக்காவின் குரல் கேட்டது.

“யாருபா நீ? வந்ததும் வராததுமா தொட்டிக்குள்ள தலய வுட்டுகினு?”

“நான் ஹெல்த் இன்ஸ்பெக்டர்.”

“ஓகோ! கெவுருமென்ட்டு வரைக்கும் போய்ட்டானுங்களா?”

எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு பை, மீசையோடு ஒரு பெரியவர் தொட்டித் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து முகர்ந்துகொண்டிருந்தார். எதிரே அக்கா கரண்டியோடு நின்றார். பெண்ணின் தாய்மாமன்தான், சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். அவராக வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. “ஒரு போட்டோவ வச்சி ஒரு ஆளத் தள்ளிவிடாதீங்க மாமா, நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க” என்று இசக்கிதான் அனுப்பியிருக்கிறாள்.

செல்வம் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினான். நான் கேமராவோடு பின்னால் போனேன். மெஸ்ஸுக்குள் மாமா அவன் இமையை இழுத்துப் பிடித்து வாசல் வெளிச்சத்தில் பார்த்தார்.

“வெள்ளையாத்தான இருக்கு” என்றார் தனக்குள். செல்வத்தின் முகம் மலர்ந்தது. “நாக்க நீட்டும்.”

நீட்டினான். வெற்றிலைக் கொடி மாதிரி பச்சைப் பசேல் என்று இருந்தது.

“இது என்னய்யா?”

“கீழாநெல்லி, மாமா.”

“அப்பம் காமாலை இருந்திருக்கு. பொண்ணு வீட்டுக்குத் தெரியாம மருந்து குடிச்சி மறைச்சிருக்கீரு.” மாமா பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். செல்வம் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நான் முன்னால் போனேன். “பெரியவரே, ஒரு நிமிசம். இவனுக்கு மட்டும் இருந்தாத்தான் ஈரல் கோளாறு. மாடியில எல்லாருக்கும் இருக்கு. ஆதாரம் இருக்கு. இந்த மெஸ் தண்ணிதான் காரணம்” என்று கேமராவில் ஒவ்வொரு கண்ணாகக் காட்டினேன். இப்படி ஒரு வாதத்தை வக்கீல் கூட யோசித்திருக்க மாட்டார் என்று எனக்குள் பெருமை வேறு.

அடுத்த நொடி என் மூக்குக்கு முன்னால் ஒரு தட்டு வந்து நின்றது. தட்டில் ஆவி பறக்க ஒரே ஒரு இட்லி. தட்டைப் பிடித்திருந்தவர் அக்கா.

“தோ, இத்தயும் எடு! என் இட்லிக்கும் காமாலயான்னு பாத்து சொல்லு! எடுடா தொர!”

தாழ்ந்த தகரக் கூரை என்பதால் மெஸ்ஸில் பகலிலும் குண்டு பல்பு எரியும். நான் கோபப்படாமல், நிதானமாக, இட்லியை ஃபோகஸ் செய்து எடுத்தேன். எல்லோரும் குனிந்து ஸ்க்ரீனைப் பார்த்தார்கள்.

கேசரி நிறத்தில் ஒரு இட்லி.

மாமா தட்டில் இருந்த இட்லியைப் பார்த்தார், ஸ்க்ரீனைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். “என்னைய ஒன்னு எடும்” என்றார். எடுத்தேன். நோய் முற்றிய ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஸ்க்ரீனிலிருந்து என்னை முறைத்தார். அக்கா இடுப்பிலிருந்து தன் செல்போனை உருவி, அதே இட்லியை அதே இடத்தில் வைத்து எடுத்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

“என் போன்ல நல்லாத்தான் கீது. காமாலை உன் மிஷினுக்குத்தான்டா!”

தினமும் காலையில் கம்பெனி மீட்டருக்கு வெள்ளை எது என்று காட்டிக்கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறவன், அறைக்கு வந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வெள்ளையான எதையாவது படம் எடுத்துப் பார்த்திருக்கக் கூடாதா? ஒரு பனியன் போதும். அந்த இட்லி நிறத்தில் ஒரு பம்பர் வந்திருந்தால் லைனையே நிறுத்தியிருப்பேன்.

அந்த நேரத்தில் மனிதன் என்ன செய்ய வேண்டும்? மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் விளக்கம் சொன்னேன்.

“அது வந்து பெரியவரே, பழைய சிங்கிள் கோட்டிங் லென்ஸ். நீலத்த மட்டும் கொஞ்சம் வாசல்லயே திருப்பி அனுப்பிரும்...”

“உம்மையும் அப்படித் திருப்பி அனுப்பலாம்னுதான் பாக்கேன். தள்ளி நில்லும்.”

உண்மையில் பாவம் அந்தக் கோட்டிங்கைக் குறை சொல்ல முடியாது. அதன் பங்கு ஒரு சொட்டுத் தேன் அவ்வளவுதான். மிச்ச மஞ்சளில் சந்தனச் சுவரும் சாயங்கால வெயிலும் குண்டு பல்பும் நிழல் செட்டிங்கும் ஆளுக்கொரு பங்கு. அத்தனையையும் ஒன்று சேர்த்து, அதற்குக் கோட்டிங் என்று பெயர் வைத்து, திருத்தட்டுமா என்று கேட்ட லேப்காரரையும் மிரட்டிவிட்டு வந்த பங்கு என்னுடையது.

மாமா பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா கேட்காமலே இலை போட்டு இட்லி வைத்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த மெஸ்ஸில் சாப்பிட்ட முதல் ஆள் அவர்தான். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை செல்வம் வாயை மூடிக்கொண்டு நின்றான், திறந்தால் பச்சை தெரிந்துவிடும் என்ற பயம். மாமா கை கழுவிவிட்டு வந்து சொன்னார்:

“பையனுக்கு நோயில்ல. அது தெளிவாயிட்டு. ஆனா ஒன்னு கேக்கேன். கூட்டாளி சொன்னான்னு, இல்லாத வியாதிக்கு ஒரு வாரம் பச்சிலைய அரைச்சிக் குடிச்சிருக்கான். இவன நம்பி எப்படிப் பொண்ணக் குடுக்கது?”

நியாயமான கேள்வி. செல்வம் தலையைக் குனிந்துகொண்டான். வியாதி என்றாலாவது மருந்து உண்டு, என் சிநேகிதத்துக்கு என்ன மருந்து? அன்றைக்கு நான் உள்ளுக்குள் அழுதேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

மாமா வாசலுக்குப் போய் இசக்கிக்குப் போன் போட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். இட்லியில் வந்து நிறுத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். எங்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி அவள் சிரித்தாள், நிறுத்தினாள், மறுபடி சிரித்தாள். கடைசியில் மாமா போனைச் செல்வத்திடம் நீட்டினார்.

“நாக்கு இன்னும் பச்சையாவா இருக்கு?” என்று கேட்டாள் அவள்.

“ஆமா.”

“சொன்ன பேச்சக் கேக்குத ஆளு. எனக்கு அது போதும். இனிமே யாரு சொன்னாக் கேக்கணும்னு மட்டும் நான் பாத்துக்கிடுதேன். போன மாமாட்ட குடுங்க.”

அந்த வைகாசியில் கல்யாணம். மாமா போட்ட ஒரே நிபந்தனை, நான் கேமரா கொண்டுவரக் கூடாது. மண்டப வாசலில் என் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். பிறகு சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, “வாறவங்களுக்கு நீரு மஞ்சள் பூசுறதுன்னா இது வழியாப் பூசும்” என்று வரவேற்பில் நிறுத்தினார். கஸ்தூரி அக்கா பட்டுச்சேலையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் தன் போனில் இருந்த இட்லியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு தென்காசி ஆஸ்பத்திரியில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக நான் அறைக்குள் நுழைகிற நேரம், டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: “பாப்பாவுக்கு லேசா மஞ்சள் இருக்கு. பிறந்த குழந்தைங்களுக்கு வர்றதுதான், லைட்ல வச்சா சரியாயிடும்.” அறையில் இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. “நான் இப்பத்தான் வாரேன்!” என்று இரண்டு கையையும் தூக்கினேன், ஆப்பிள் உருண்டது. இசக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதீங்கண்ணே, தையல் வலிக்கி” என்று கெஞ்சினாள். மாமா மட்டும் சிரிக்காமல், “டாக்டர், மொதல்ல இவர வெளிய அனுப்புங்க” என்றார். டாக்டரம்மாவுக்கு விவரம் தெரியாது. கூட்டத்தைக் குறைக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, நிஜமாகவே என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும், “துரை வந்துட்டுப் போனானா?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன தடவை போயிருந்தபோது, தான் வரைந்த குடும்பப் படத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அப்பா, அம்மா, மீசையோடு தாத்தா (அந்த மாமாதான்), வாசலில் ஒரு கோழி. முகம், கை, கால், கோழி எல்லாவற்றுக்கும் மஞ்சள் கிரேயானைத் தீரத் தீரத் தேய்த்திருந்தாள். நான் அதில் இல்லை. எனக்குக் கொஞ்சம் மனசு கஷ்டமாகிவிட்டது.

“ஏன் தாயி, சித்தப்பாவ வரையலியா?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “நீங்க எப்படி இதுல இருப்பீய? இது நீங்க எடுத்த போட்டோலா” என்றாள்.